பட்டறைக்குப் பழைய விறகுக் கணப்பு அடுப்பு: பார்த்து, சோதித்து, பொருத்தும் முறை

பழைய கணப்பு அடுப்பு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அடுப்பைப் பிடித்துவிடுகிறார்கள், புகைபோக்கியைப் பிறகு யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மொத்தச் செலவில் பழைய அடுப்பின் விலை சிறு பங்குதான். கூரையைத் துளைத்து மேலே போகும் காப்பிட்ட புகைபோக்கி, சுவருக்கான வெப்பத் தடுப்பு, தரைத் தட்டு ஆகியவைதான் பணத்தைத் தின்னும். நல்ல புகைபோக்கியில் மாட்டிய சுமாரான அடுப்பு ஒழுங்காக எரியும். இழுவை இல்லாத புகைபோக்கியில் எவ்வளவு உயர்ந்த அடுப்பை மாட்டினாலும், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டறைக்குள் புகை வரும். ஆகவே புகைபோக்கி எங்கே ஏறும், என்ன விட்டம், எவ்வளவு உயரம் என்று முடிவானபின் அதற்குப் பொருந்தும் அடுப்பைத் தேடுங்கள்.

இந்தப் பட்டறையில் நெருப்பு வைக்கலாமா?

சில பட்டறைகளுக்குப் பதில் ‘கூடாது’ என்பதுதான். பெட்ரோல், தின்னர், லாக்கர், ஸ்ப்ரே பெயிண்ட் புழங்கும் இடத்தில் விறகு அடுப்பு வேண்டாம். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் பரவி நேராக அடுப்பின் சாம்பல் கதவடிக்கு வந்து சேரும். மின் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். விறகு அடுப்புக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது, அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும் மணிக்கணக்கில் கங்கு உயிரோடு இருக்கும். வீட்டோடு சேர்ந்த வாகனக் கொட்டகையில் விறகு அடுப்பு பொருத்துவதை அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 நெறி அனுமதிப்பதில்லை. காரணம் இதுவே.

மரப் பட்டறையில் இன்னொரு சிக்கல் உண்டு. தூசி உறிஞ்சி இயந்திரம் காற்றை வெளியே தள்ளும் வகையாக இருந்தால், அது அடுப்பின் எதிரி. நடுத்தர அளவுள்ள உறிஞ்சி மணிக்குச் சுமார் 1,700 கன மீட்டர் காற்றை இழுக்கும். 120 கன மீட்டர் கொள்ளளவுள்ள பட்டறையில் அது மொத்தக் காற்றையும் மணிக்குப் பதினான்கு முறை வெளியேற்றுவதற்குச் சமம். அவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு சன்னல் இறுக்கமாக மூடியிருந்தால் புகைபோக்கி வழியாகத்தான் வரும், புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கூடவே இழுத்துக்கொண்டு. உறிஞ்சியின் காற்றை நல்ல வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுங்கள். முடியாவிட்டால், உறிஞ்சி ஓடும் நேரமெல்லாம் அதன் அருகிலுள்ள சன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம்.

பிறகு சட்டமும் காப்பீடும். அடுப்பு வாங்கும் முன்பே உள்ளூர்க் கட்டட அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேளுங்கள். சான்றிதழ் இல்லாத அடுப்பு என்றாலே சில நிறுவனங்கள் மறுத்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. 1988 இல் விறகு அடுப்புகளுக்குப் புகை வரம்பு கொண்டுவந்தது. 1990 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், புகையை எரித்துத் தீர்க்கும் கேட்டலிஸ்ட் என்ற பாகம் இல்லாத அடுப்பு மணிக்கு 7.5 கிராமும், கேட்டலிஸ்ட் உள்ளது 4.1 கிராமும் துகள் விடலாம் என்று இருந்தது. 2020 முதல் புதிய அடுப்புகளுக்கு அது, சோதனை முறையைப் பொறுத்து, 2 அல்லது 2.5 கிராமாகக் குறைந்துவிட்டது. 1988க்கு முந்தைய சான்றில்லாத அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை விடும். ஒரேகான் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது சான்றில்லாத அடுப்பை அகற்றியே ஆக வேண்டும். அடுப்பின் பின்புறம் தகடு ஒட்டியிருக்கிறதா, அதில் சான்று எண் இருக்கிறதா என்பது வெறும் காகிதச் சமாச்சாரம் அல்ல. அந்த அடுப்பை உங்கள் ஊரில் பொருத்தவே முடியுமா என்பதை அது தீர்மானிக்கலாம்.

எவ்வளவு வெப்பம் தேவை

5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள பட்டறையை எடுத்துக்கொள்வோம். சுவர் 78 சதுர மீட்டர், கூரை 40, மொத்தம் 118. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும்.

வெறும் இரும்புத் தகடு சுவரும் கூரையும் என்றால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 5 வாட் கசியும்: 118 × 5 × 20 = 11,800 வாட். காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் இன்னொரு 1,600 வாட். ஆக 13.4 கிலோவாட். அதே பட்டறையின் சுவரிலும் கூரையிலும் 10 சென்டிமீட்டர் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து இடுக்குகளை அடைத்தால் 5 வாட் என்பது 0.4 ஆகிவிடும். சுவரும் கூரையும் சேர்ந்து 950 வாட், 8 சதுர மீட்டர் கதவு சன்னலுக்கு 480, மணிக்கு ஒரு முறை மாறும் காற்றுக்கு 800. மொத்தம் 2.2 கிலோவாட்.

20 சதவீத ஈரமுள்ள விறகில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. பழைய அடுப்பு அதில் பாதியை அறைக்குக் கொடுத்தால் பெரிது. எனவே காப்பில்லாத பட்டறைக்கு மணிக்கு 6.7 கிலோ விறகு, காப்பிட்ட பட்டறைக்கு 1.1 கிலோ. பெரிய அடுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் பஞ்சு வாங்குவது மேல் என்று சொல்ல இதற்கு மேல் கணக்குத் தேவையில்லை.

ஆனால் பட்டறையை நாள் முழுவதும் சூடாக வைத்திருக்கப் போவதில்லை. காலையில் பனிக்கட்டியாகக் கிடக்கும் இடத்தை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக, நிலையான தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு திறன் வையுங்கள். மேலே சொன்ன காப்பிட்ட பட்டறைக்கு 5 முதல் 7 கிலோவாட். 6 கிலோவாட் என்றால் மணிக்கு 3 கிலோ விறகு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 6 கிலோ. விறகை அடுக்கும்போது லிட்டருக்கு 0.11 முதல் 0.16 கிலோதான் கொள்ளும், ஆகவே 40 முதல் 55 லிட்டர் எரியறை போதும். அளக்கும்போது செங்கல்லுக்கு உள்பக்கமாக அகலம், ஆழம் எடுத்து, உயரத்தைக் கதவு வாயின் மேல் விளிம்பு வரை மட்டும் கணக்கிடுங்கள்.

‘பெரிதாக வாங்கிக் காற்றைக் குறைத்து எரிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றைக் குறைத்துப் புகைய விட்ட பெரிய அடுப்பு கிரியோசோட் என்ற தாரைத் தயாரிக்கும் ஆலை. புகை குழாயில் ஏறும்போது 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள தார் குழாய்ச் சுவரில் படியும். அது ஒரு நாள் பற்றினால் புகைபோக்கிக்குள் 1,100 டிகிரி வரை போகும்.

எந்த வகை

பட்டறைக்கு எங்கள் முதல் தேர்வு, 1970களிலும் 80களிலும் வந்த தடித்த எஃகுத் தகடு அடுப்பு. அமெரிக்காவின் ஒரேகானில் தொடங்கிய ஃபிஷர் அடுப்பும், அதைப் பார்த்துப் பலர் செய்தவையும் இந்த ரகம். பக்கங்கள் 6 மில்லிமீட்டர், மேற்பகுதி 8 மில்லிமீட்டர், உள்ளே செங்கல், வார்ப்பிரும்புக் கதவு, அதில் திருகினால் காற்று விடும் வட்டத் தட்டுகள். அவ்வளவுதான். இயங்கும் பாகம் குறைவு, கெடுவதற்கும் அதிகம் இல்லை. வெல்டிங் தெரிந்தவர் எவரும் பழுது பார்க்கலாம். ஃபிஷரில் பேபி பேர் (குட்டிக் கரடி) என்ற சிறிய மாடல் 18 அங்குலக் கட்டையையும், மாமா பேர் (தாய்க் கரடி) 24, பாப்பா பேர் (தந்தைக் கரடி) 30 அங்குலத்தையும் ஏற்கும். நடுத்தரப் பட்டறைக்கு முதலிரண்டில் ஒன்று போதும். பாப்பா பேர் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுக்க வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

இரண்டாவது, ஸ்காண்டிநேவிய வார்ப்பிரும்புப் பெட்டி அடுப்பு. நார்வேயின் யோதுல் 118, டென்மார்க்கின் மோர்சோ 2பி போன்றவை. நீண்டு ஒடுங்கிய பெட்டியில் கட்டை முன்னிருந்து பின்னாக மெதுவாக எரியும், மேலே தடுப்புத் தகடு இருப்பதால் புகை சுற்றிப் போகும். யோதுல் 118 சுமார் 60 சென்டிமீட்டர் நீளக் கட்டையை ஏற்கும். நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். உள்பக்கம் தனியாக மாற்றக்கூடிய தகடுகள் இருப்பது பெரிய வசதி.

1970களின் இரண்டாம் பாதியில் வந்த வெர்மாண்ட் காஸ்டிங்ஸ் டிஃபையன்ட் போன்ற அழகிய அடுப்புகள் கொஞ்சம் யோசிக்க வைப்பவை. புகையைக் கீழிருந்து பின்னால் சுற்றவிடும் உள்வழிகள், புகைவழியைத் திறந்து மூடும் டேம்பர், சூட்டுக்கேற்பக் காற்றை மாற்றும் தெர்மோஸ்டாட், பல இணைப்புகள். எல்லாம் சரியாக இருந்தால் மிக நன்றாக எரியும். இருபது முப்பது ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டப்படாதது என்றால், வாங்கிய அடுத்த மாதமே முழுதாகப் பிரித்துப் பூச வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஒதுக்க வேண்டியவை: மெல்லிய தகட்டு வட்ட அடுப்புகள், ஏனெனில் சுவர் உள்ளிருந்து அரித்திருக்கும், டிரம்மில் செய்த அடுப்பு, அதன் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், சில பருவங்களில் ஓட்டையாகும், முன்பக்கம் முழுதும் திறந்திருக்கும் ஃபிராங்க்ளின் வகை, அதில் காற்றைக் கட்டுப்படுத்தவே முடியாது, சுவர்க் கணப்புக்குள் செருகும் இன்சர்ட், அதற்குத் தனியாக நிற்கும் உடல் கிடையாது. நிலக்கரி அடுப்பையும் விறகடுப்பு என்று விற்பார்கள். அடியில் ஆட்டும் கம்பித்தட்டு, குறுகி ஆழமான எரியறை, காற்று முழுதும் கீழிருந்து: இவை இருந்தால் அது நிலக்கரிக்கானது. விறகு போட்டால் அரை மணியில் தீர்ந்துவிடும்.

நேரில் சோதிக்கும்போது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பளிச்சென்ற டார்ச், சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, கூர்மையான ஸ்க்ரூடிரைவர், கம்பி பிரஷ், 60 சென்டிமீட்டர் மட்டக்கோல், அளவு டேப், காகிதப் பட்டைகள், கையுறை, முகக்கவசம். விற்பவர் அடுப்பை எரியவிட்டுக் காட்டினால் மகிழ்ச்சி, ஆனால் சோதனைக்கு அது குளிர்ந்திருக்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை.

1. சாம்பலை முழுவதும் அள்ளச் சொல்லுங்கள். அடித்தட்டும் பின்சுவரின் கீழ்ப்பகுதியும் சாம்பலுக்கடியில்தான் மறைந்திருக்கும். ஈரச் சாம்பல் இரும்பை அரிக்கும், கோடையில் சாம்பலோடு விட்ட அடுப்பு அடியில் பொரிந்திருக்கும்.

2. இடத்தை இருட்டாக்கி, டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். வெளியிலிருந்து எல்லா மூலைகளையும் பாருங்கள். வார்ப்பிரும்பு அடுப்பில் தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்யலாம். தகட்டின் நடுவில் ஒளி தெரிந்தால் அது விரிசல். அத்துடன் வீடு திரும்பலாம்.

3. உள்ளே சாம்பல் நிறப் பூச்சுச் சாந்து பட்டையாகத் தெரிந்தால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்கள். இணைப்புக் கோட்டில் இருந்தால் இயல்பு. தகட்டின் நடுவே ஓடினால் விரிசலை மூடியிருக்கிறார்கள்.

4. வார்ப்பிரும்பைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமான ‘டொக்’ சத்தம் வந்தால் அந்தத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள். உள்ளே தொங்கும் எரிதகடுகள் விரிசல் விட்டிருந்தால் கவலை வேண்டாம், மாற்றுவதற்காகவே செய்யப்பட்டவை அவை. வெளிச்சுவர் விரிசல் விட்டிருந்தால் கூடாது.

5. மட்டக்கோலை மேல்தகட்டிலும் பக்கங்களிலும் வைத்துப் பாருங்கள். எஃகில் 2, 3 மில்லிமீட்டர் வளைவு சாதாரணம். தொய்ந்த மேல்தகடு, உள்ளுக்குப் பிதுங்கிய பக்கம், சாம்பல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக வெளுத்த இடம் ஆகியவை சிவக்கச் சிவக்க எரித்த அடையாளம். செங்கல் மூடாத பகுதியில், அதாவது மேல் பின்மூலையிலும் தடுப்புத் தகட்டைச் சுற்றியும், இதைத் தேடுங்கள். அதிக வெப்பம் முதலில் அடிப்பது அங்கேதான்.

6. துருவைப் பார்த்து அஞ்ச வேண்டாம், குத்திப் பாருங்கள். கம்பி பிரஷில் போகும் செந்துரு தோல்வியாதி. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஏடு ஏடாக உரிந்து குழி விழுந்தால் தகடு மெலிந்துவிட்டது. எஃகு அடுப்பில் வெல்டிங் கோடுகளைக் கதவுச் சட்டத்தின் மூலைகளில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே விரிசல் விட்டிருந்தால் அரைத்துத் தோண்டி மறுபடி வெல்டு செய்யலாம்.

7. கதவிடுக்கில் காகிதப் பட்டையை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் எட்டுப் பத்து இடங்களில் செய்யுங்கள். எங்கும் பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் கேஸ்கெட்டோ (கதவு விளிம்பின் அடைப்புக் கயிறு) தாழ்ப்பாளோ காரணமாக இருக்கும். எதிரெதிர் மூலைகளில் தளர்ந்திருந்தால் கதவே முறுக்கிவிட்டது, அதை நேராக்க முடியாது. ஃபிஷர் கதவில் கேஸ்கெட் இல்லாத மாடல்கள் உண்டு, அங்கே இரும்பும் இரும்பும் நேராகப் படிய வேண்டும்.

8. காற்றுத் தட்டை முழுதும் மூடித் திறந்து பாருங்கள். மூடிய நிலையில் உண்மையிலேயே மூட வேண்டும். காற்றை நிறுத்த முடியாத அடுப்பு, புகைபோக்கியில் தீப்பிடிக்கும் நாளில் உங்களைக் கைவிடும்.

9. புகை வெளியேறும் வாயை அளவெடுங்கள். வட்டமா நீள்வட்டமா, மேலா பின்னா, 15 சென்டிமீட்டரா 20 சென்டிமீட்டரா? 15 சென்டிமீட்டர் வாயின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் என்றால் 314. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். 20 சென்டிமீட்டர் வாயை 15 சென்டிமீட்டர் குழாயில் திணிக்கலாம் என்று கடைசியில் தோன்றும். கதவு பெரிதாக இருந்தால் புகை முகத்தில் அடிக்கும்.

10. அடுப்பின் பெயர், எண், வார்த்த ஆலை ஆகியவை கதவின் உள்பக்கமோ பின்தகட்டிலோ வார்ப்பிலேயே பொறித்திருக்கும். அதைப் படமெடுத்து, பேரம் முடிக்கும் முன்பே பாகம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். செங்கல் உடைந்திருந்தால் பரவாயில்லை, 114 × 229 × 32 மில்லிமீட்டர் தீச்செங்கல் எங்கும் கிடைக்கும் பொது அளவு. கேட்டலிஸ்ட் உள்ள அடுப்பென்றால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பொதுவாக 10,000 மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, வர்ணம் பூசிய மரத்தை எரித்திருந்தால் அதற்கு முன்பே செத்திருக்கும்.

தூக்கும்போது கதவு, செங்கல், மேல்மூடி, தட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். 150 கிலோ அடுப்பில் கணிசமான எடை குறையும். கதவையோ புகைவாயையோ பிடித்துத் தூக்காதீர்கள், காலை ஊன்றித் தரையில் இழுக்காதீர்கள். வார்ப்பிரும்புக் கால் ஒடிவது பெரும்பாலும் அடுப்பு கைமாறும் நாளில்தான்.

எரிக்கும் முன் செய்ய வேண்டிய பழுது

பழைய கதவுக் கயிறு, மூட்டுகளில் உள்ள அடைப்பு, அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், குறிப்பாக 1980க்கு முந்தையவற்றில். உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பி பிரஷ் போடவோ கூடாது. தண்ணீரில் சில சொட்டுச் சோப்புக் கலந்து நன்றாக நனைத்து, நுண்துகள் முகக்கவசம் போட்டு, நனைந்த நிலையிலேயே உரித்துப் பையில் கட்டுங்கள்.

புதிய கண்ணாடி இழைக் கயிற்றின் விட்டம் பள்ளத்தின் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். பள்ளத்தைச் சுத்தம் செய்து, பசையை மெல்லிய கோடாக இட்டு, கயிற்றை இழுக்காமல் தளர்வாக வையுங்கள். இழுத்து ஒட்டினால் கயிறு மெலியும், மூட்டில் இடைவெளி விடும். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. பசை அதிகமானால் கயிற்றுக்குள் ஊறிக் கல்லாகிவிடும். மெழுகுத் தாளை இடையில் வைத்துக் கதவை மூடி ஒரு நாள் விடுங்கள்.

வார்ப்பிரும்பின் இணைப்புகளில் அடுப்புச் சாந்து உதிர்ந்திருந்தால், முழு அடுப்பையும் பிரித்துக் கட்டுவதே நிரந்தரத் தீர்வு. தகடுகளை நீளத் திருகுக் கம்பிகள் பிடித்திருக்கும், துருவேறியவற்றுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். பழைய சாந்தைப் பள்ளத்திலிருந்து முழுதாக எடுத்து, இரும்பை லேசாக ஈரமாக்கிப் புதிய சாந்து வையுங்கள். திருகும்போது வலு காட்டாதீர்கள், வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டு செய்து தருகிறேன் என்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. நிக்கல் கம்பியும் முன்சூடேற்றலும் வேண்டும், அப்படிச் செய்தாலும் சூடாகி ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். பித்தளை ஒட்டு எரியறைக்கு ஆகவே ஆகாது.

எஃகு அடுப்பில் செய்யத் தகுந்த ஒரே மேம்பாடு தடுப்புத் தகடு. பழைய ஃபிஷர் வகைகள் பலவற்றில் தீ நேராகப் புகைவாய்க்கே போகும். புகைவாய்க்குக் கீழே, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் உயர்ந்த 6 மில்லிமீட்டர் தகடு ஒன்றைக் கோண இரும்பின்மேல் கழற்றும்படி வைத்தால் தீ முன்னால் வளைந்து போகும், எரியறை சூடு கூடும், புகையிலுள்ள வாயு கொஞ்சம் எரியும். அந்த வாயு எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். தகட்டின் முன் விளிம்பில் விடும் இடைவெளி, புகைவாயின் பரப்பைவிடக் குறையக் கூடாது. அடுப்பின் உள்அகலம் 40 சென்டிமீட்டர், வாய் 15 சென்டிமீட்டர் என்றால் 177 ÷ 40 = 4.4, ஆகவே 5 சென்டிமீட்டராவது விடுங்கள். குறைத்தால் கதவைத் திறந்ததும் புகை.

கதவில் கண்ணாடி இருந்து உடைந்திருந்தால் மாற்றாக அடுப்புக்குரிய செராமிக் கண்ணாடி மட்டுமே. டெம்பர்டு கண்ணாடி அந்த வெப்பத்தில் சிதறும்.

இடைவெளி, குழாய், புகைபோக்கி

சோதனைச் சான்று இல்லாத அடுப்புக்கு என்.எஃப்.பி.ஏ. 211 சொல்லும் அடிப்படை இடைவெளி, எரியக்கூடிய எதிலிருந்தும் எல்லாப் பக்கமும் 91 சென்டிமீட்டர். சுவரிலிருந்து 2.5 சென்டிமீட்டர் விலக்கி, மேலும் கீழும் காற்று ஓடும்படி திறந்து, எரியாத குமிழ்களில் மாட்டிய உலோகத் தகடு இருந்தால் சுவர்ப் பக்கம் 30 சென்டிமீட்டர் வரை குறைக்கலாம். ஜிப்சம் பலகைச் சுவரும் எரியும் சுவராகவே கணக்கு, ஏனென்றால் பின்னால் மரச்சட்டம் இருக்கிறது. அந்தச் சுவரில் நேரடியாக ஒட்டிய செங்கல் அழகுக்குத்தான், வெப்பம் அதைத் தாண்டிப் பின்னுள்ள மரத்துக்குப் போய்விடும். தரை கான்கிரீட் என்றால் வேலை எளிது. மரத்தரை என்றால் எரியாத தட்டு எல்லாப் பக்கமும் 45 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கால் குட்டையான அடுப்பை மரத்தரையில் வைக்கவே கூடாது.

அடுப்பிலிருந்து கூரை வரை ஒற்றைச் சுவர்க் குழாய் போதும், தகடு 0.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எரியும் பொருளிலிருந்து 45 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், சூட்டில் நச்சுப் புகை விடும். குழாயின் நெளித்த முனை அடுப்பை நோக்கிக் கீழே இருக்கட்டும். பலர் புகை கசியும் என்று பயந்து தலைகீழாக மாட்டுவார்கள். புகை கசியாது, இழுவை உள்ளே இழுக்கும். கசிவது கிரியோசோட்தான், நெளிமுனை கீழிருந்தால் அது குழாய்க்குள்ளேயே வழிந்து அடுப்புக்குத் திரும்பும். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகு. 90 டிகிரி எல்போ இரண்டுக்கு மேல் வேண்டாம். கிடைமட்டமாக ஓடும் பகுதி மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது மேல்நோக்கி ஏற வேண்டும்.

கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து உயர் வெப்பத்துக்குச் சோதிக்கப்பட்ட காப்புப் புகைபோக்கி. அடுப்பின் வாயிலிருந்து உச்சி வரை 4.5 மீட்டராவது வேண்டும். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 0.9 மீட்டர், 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 0.6 மீட்டர் உயரமாக. கட்டடத்துக்கு உள்ளேயே ஏறும் புகைபோக்கி சூடாக இருக்கும், நன்றாக இழுக்கும். வெளிச்சுவரை ஒட்டி ஏறுவது குளிரும், காலையில் முதல் தீ மூட்டும்போது புகையைக் கீழே தள்ளும். ஏற்கெனவே செங்கல் புகைபோக்கி இருக்கிறதென்றால், அதன் உள்பரப்பு அடுப்பு வாயின் பரப்பைவிட மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. வெளிச்சுவரில் இருந்தால் இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிதென்றால் எஃகு உட்குழாய் இறக்குங்கள்.

முதல் தீ, பிறகு தினமும்

புதுப் பெயிண்டும் புதுச் சாந்தும் உள்ள அடுப்பை முதல் முறை வெளியே மூட்டுவது உசிதம், பெயிண்ட் புகை அவ்வளவு வரும். சாந்து ஒரு நாள் காய்ந்தபின் சுள்ளி மட்டும் வைத்து அரை மணி, முழுதும் ஆறவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒரு மணி, மூன்றாவது முறை வழக்கமான தீ. அவசரப்பட்டால் சாந்துக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் கொப்பளம் விடும்.

காந்தத்தில் ஒட்டும் வெப்பமானியை ஒற்றைச் சுவர்க் குழாயில், அடுப்புக்கு மேல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். முள் 115க்கும் 245க்கும் இடையே நிற்க வேண்டும். கீழே போனால் கிரியோசோட் படியும், மேலே போனால் அடுப்பு வேகிறது. அடுப்பின் எந்தப் பாகமும் இருட்டில் சிவந்து தெரியக் கூடாது.

பட்டறைக்காரருக்கு மட்டும் உள்ள ஆசை, வெட்டித் தள்ளிய துண்டுகளை எரிப்பது. ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப்., வர்ணம் பூசியது, மருந்தூட்டிய மரம் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பச்சை நிறத்தில் மருந்தூட்டிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கும், அது புகையிலும் சாம்பலிலும் தங்கும். சுத்தமான மரத்துண்டுகளிலும் ஒரு கண் வையுங்கள். சூளையில் உலர்த்திய தச்சு மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதம்தான், அதிலும் சிறு துண்டுகள். அடுப்பு நிறைய அதையே போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி, மேல்தகடு சிவந்துவிடும். வழக்கமான விறகோடு இரண்டு மூன்று துண்டுகள் சேருங்கள். மரத்தூளைக் கைநிறைய வீசவே கூடாது, திறந்த கதவு வழியாகச் சுடர் வெளியே பாயும். அடுப்பின்மேல் படியும் தூசியை அது குளிர்ந்திருக்கும்போது துடைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் எரித்தபின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே 3 மில்லிமீட்டர் படிவு இருந்தால் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அவ்வளவு சீக்கிரம் படிந்தால் விறகு ஈரம், அல்லது காற்றை மூடிப் புகைய விடுகிறீர்கள். விறகைப் பிளந்து, பிளந்த புது முகத்தில் ஈரமானியைக் குத்துங்கள். 20க்கு மேல் காட்டினால் அடுத்த ஆண்டுக்கு வைத்துவிடுங்கள்.

குழாயிலிருந்து விமானம் போல உறுமல் கேட்டால் அது புகைபோக்கித் தீ. கதவையும் காற்றுத் தட்டுகளையும் அடைத்து, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அடுப்புக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு வெடிக்கும். தீ தானாக அடங்கினாலும், புகைபோக்கியை ஒருவர் ஏறிப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மறுபடி மூட்டக் கூடாது.

சாம்பலை அடியில் 2, 3 சென்டிமீட்டர் விட்டு மீதியை அள்ளுங்கள், அந்த மெத்தையில் கங்கு நன்றாக நிற்கும். அள்ளியதை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, பட்டறைக்கு வெளியே, எரியாத தரையில் சில நாள் வையுங்கள். தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த சாம்பலுக்குள்ளும் கங்கு இருக்கும், எனவே மரத்தூள் குப்பைத் தொட்டியில் மட்டும் அதைக் கொட்டாதீர்கள்.